பிளே-ஆஃப் கூடைப்பந்தாட்டத்தில் அரைக்கள ஆட்டமும் நடுத்தூர எறிதலும்

கூடைப்பந்தாட்டத்தில் எதிரணி தன் தற்காப்பை முழுமையாக அமைத்துக்கொண்ட பிறகு, ஆடுகளத்தின் ஒரு பாதிக்குள் நின்று புள்ளி எடுக்க முயல்வது அரைக்கள ஆட்டம் எனப்படும். கூடைக்கு முன்னுள்ள செவ்வகப் பகுதிக்கு வெளியிலும் மூன்று புள்ளிக் கோட்டிற்கு உள்ளிலும் இருந்து எறியப்படுவது நடுத்தூர எறிதல் ஆகும். பயிற்சியாளர்களும் ஆட்டக்காரர்களும் இவற்றை முறையே 'ஹாஃப் கோர்ட்', 'மிட்-ரேஞ்ச்' என்றே அழைக்கின்றனர்.

லீக் ஆட்டங்களின் சராசரிக் கணக்கை மட்டும் பார்த்தால் நடுத்தூர எறிதல் லாபம் குறைந்த முயற்சியாகத் தோன்றும். ஆயினும் ஒரு தொடரின் வெற்றி தோல்வியை முடிவு செய்யும் பிளே-ஆஃப் ஆட்டங்களில் அது மீண்டும் மீண்டும் முக்கியத்துவம் பெறுகிறது. இந்த முரண்பாட்டின் காரணங்களையும், பன்னாட்டு விதிகளின் கீழும் தமிழ்நாட்டுத் திடல்களிலும் அது எவ்வாறு வெளிப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆடுகளமும் எறியும் இடங்களும்

பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. கூடையின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் உள்ளது. தனி எறிதல் கோடு, அதாவது 'ஃப்ரீ த்ரோ' கோடு, பலகையின் முகப்பிலிருந்து 4.6 மீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. மூன்று புள்ளிக் கோடு வளையத்தின் மையத்திலிருந்து 6.75 மீட்டர் தொலைவிலும், இரு மூலைகளில் 6.6 மீட்டர் தொலைவிலும் வரையப்படுகிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் இக்கோடு 7.24 மீட்டர் தொலைவில் உள்ளது. மூலைகளில் மட்டும் 6.71 மீட்டர்.

இந்த அளவுகளைக் கொண்டு எறியும் இடங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, வளையத்தை ஒட்டிய பகுதி. இரண்டாவது, ஏறத்தாழ 3 மீட்டர் முதல் 6 மீட்டருக்குச் சற்று மேல் வரையுள்ள நடுத்தூரப் பகுதி. மூன்றாவது, மூன்று புள்ளிக் கோட்டிற்கு வெளியே உள்ள பகுதி. முதல் இரண்டிலிருந்து பந்து கூடையில் விழுந்தால் 2 புள்ளிகளும் மூன்றாவதிலிருந்து விழுந்தால் 3 புள்ளிகளும் கிடைக்கும்.

மூன்று புள்ளிக் கோடு ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே இருந்த ஒன்றன்று. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இவ்விளையாட்டை உருவாக்கியபோது எல்லாக் கூடைகளுக்கும் ஒரே மதிப்புதான். என்.பி.ஏ. 1979-80 பருவத்திலும் ஃபிபா 1984-இலும் மூன்று புள்ளி விதியை ஏற்றன. இந்திய ஆண்கள் அணி 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடியபோது இக்கோடு இல்லை. அக்காலத்தில் நடுத்தூர எறிதல் அறியாத ஒருவரைத் தாக்குதல் ஆட்டக்காரராக எண்ணிப்பார்க்கவே இயலாது.

சராசரி சொல்லும் கணக்கு

ஓர் எறிதலின் மதிப்பை அறிய எளிய பெருக்கல் போதும். எறிதல் விழும் வாய்ப்பை அதற்குரிய புள்ளியால் பெருக்கினால், சராசரியாக எவ்வளவு புள்ளி எதிர்பார்க்கலாம் என்பது தெரியும். விளக்கத்திற்காகப் பின்வரும் மாதிரி எண்களை எடுத்துக்கொள்ளலாம்.

- வளையத்தருகே: 62 விழுக்காடு × 2 = 1.24 புள்ளி
- மூன்று புள்ளி எறிதல்: 36 விழுக்காடு × 3 = 1.08 புள்ளி
- நடுத்தூர எறிதல்: 42 விழுக்காடு × 2 = 0.84 புள்ளி

நூறு முறை எறிந்தால் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து 108 புள்ளிகளும் நடுத்தூரத்திலிருந்து 84 புள்ளிகளும் கிடைக்கும். வேறுபாடு 24 புள்ளிகள். எனவே கோட்டிற்கு அரை மீட்டர் உள்ளே நின்று எறிவதைவிடப் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்து எறிவதே மேல் என்ற முடிவுக்கு அணிகள் வந்தன. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் பொது மேலாளராக இருந்த டேரில் மோரே இந்த எண்ணத்தைத் தீவிரமாகச் செயற்படுத்தியவர்களுள் ஒருவர்.

இதன் விளைவு புள்ளிவிவரங்களில் தெளிவாகத் தெரிகிறது. 1979-80 பருவத்தில் ஓர் என்.பி.ஏ. அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 2.8 மூன்று புள்ளி எறிதல்களையே முயன்றது. 2010-11 பருவத்தில் அது 18 ஆனது. 2023-24 பருவத்தில் 35-ஐத் தொட்டது. நடுத்தூர எறிதல்கள் அதே அளவுக்குக் குறைந்தன.

இக்கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் தான் விரும்பும் எறிதலை அணி தேர்ந்தெடுக்க முடியும் என்பதே அந்த நிபந்தனை. பிளே-ஆஃபில் அடிபடுவது இதுதான்.

பிளே-ஆஃபில் மாறுபவை

என்.பி.ஏ. லீக் சுற்றில் ஓர் அணி 82 ஆட்டங்கள் ஆடுகிறது. பல இரவுகளில் பயணக் களைப்புடன், எதிரணியைப் பற்றி விரிவாகப் படிக்க நேரமின்றி ஆட நேர்கிறது. பிளே-ஆஃபில் ஒரே எதிரணியுடன் 7 ஆட்டங்கள் வரை ஆடவேண்டும். முதலில் 4 ஆட்டங்களை வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குச் செல்லும். இதனால் நான்கு மாற்றங்கள் ஏற்படுகின்றன.

முதலாவது, எதிரணியின் ஆட்ட முறைகள் மனப்பாடமாகிவிடுகின்றன. எந்த ஆட்டக்காரர் எந்த இடத்தில் நின்று எறிவார், எந்தப் பக்கம் பந்தைத் தட்டிச் செல்வார் என்பதெல்லாம் இரண்டு மூன்று ஆட்டங்களுக்குள் தெரிந்துவிடும்.

இரண்டாவது, விரைவுத் தாக்குதல் குறைகிறது. பந்தைப் பறித்தவுடன் எதிர்ப்பக்கம் ஓடி எளிதாகக் கூடையில் இடும் வாய்ப்பு லீக் ஆட்டங்களில் அடிக்கடி கிடைக்கும். பிளே-ஆஃபில் ஆட்டக்காரர்கள் பந்தைக் கவனமாகக் கையாள்கின்றனர். இழந்தாலும் உடனே பின்னோக்கி ஓடித் தற்காப்பில் நிற்கின்றனர். ஆகவே ஆட்டத்தின் பெரும்பகுதி அரைக்கள ஆட்டமாக மாறுகிறது.

மூன்றாவது, பயிற்சியாளர்கள் 8 அல்லது 9 பேரை மட்டுமே பயன்படுத்துகின்றனர். தற்காப்பில் பலவீனமானவர் வெளியே உட்கார வைக்கப்படுகிறார். முன்னணி ஆட்டக்காரர்கள் 48 நிமிடங்களில் 40 நிமிடம் வரை களத்தில் நிற்கின்றனர். கால்கள் சோரும்போது முதலில் குறுகிப்போவது நெடுந்தூர எறிதலே.

நான்காவது, தற்காப்பு அணி எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று திட்டமிட்டு முடிவு செய்கிறது. கணக்கு எல்லோருக்கும் தெரிந்த கணக்கு என்பதால், மதிப்பு மிகுந்த வளையத்தருகையும் மூன்று புள்ளிக் கோட்டையும் அடைத்துவிட்டு, மதிப்புக் குறைந்த நடுத்தூரத்தைத் திறந்துவிடுகிறது.

திறந்துவிடப்படும் இடம்

அரைக்கள ஆட்டத்தில் மிகுதியாகப் பயன்படும் உத்தி, பந்து வைத்திருப்பவருக்காக உயரமான சக ஆட்டக்காரர் குறுக்கே நின்று மறைப்புக் கொடுப்பதாகும். இது 'ஸ்கிரீன்' எனப்படும். மறைப்புக் கொடுத்தவர் பின்னர் கூடையை நோக்கி ஓடுவார். இதற்கு எதிராகப் பல அணிகள் தம் உயரமான தற்காப்பாளரைக் கூடைக்கருகே பின்வாங்கி நிற்கச் செய்கின்றன. பந்து வைத்திருப்பவரைத் துரத்தும் தற்காப்பாளர் பின்புறமிருந்து விரட்டி, அவர் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிய முடியாமல் தடுக்கிறார்.

இப்போது நிலைமையைக் கவனிக்கலாம். முன்னால் கூடையருகே ஒருவர், பின்னால் விரட்டும் ஒருவர். இருவருக்கும் இடையே தனி எறிதல் கோட்டை ஒட்டி 3, 4 மீட்டர் காலியிடம் கிடைக்கிறது. அங்கே நின்று குதித்து எறியத் தெரிந்தவருக்கு நல்ல வாய்ப்பு கிடைக்கிறது. தெரியாதவர் மேலும் உள்ளே சென்று உயரமானவரிடம் சிக்கிக்கொள்கிறார், அல்லது பந்தை வெளியே அனுப்பி மீண்டும் தொடங்குகிறார்.

நடுத்தூரத்தில் ஓரிரு எறிதல்கள் தொடர்ந்து விழுந்தால், பின்வாங்கி நின்ற உயரமான தற்காப்பாளர் முன்னே வர வேண்டியிருக்கும். அவர் முன்னே வந்தால் கூடையருகு காலியாகும். மூலையில் நிற்கும் தற்காப்பாளர் உதவிக்கு ஓடினால் மூலையில் மூன்று புள்ளி வாய்ப்புத் திறக்கும். எனவே நடுத்தூர எறிதலின் பயன் அது தரும் 2 புள்ளிகளோடு முடிவதில்லை. பூட்டியிருந்த மற்ற இரு கதவுகளையும் அது திறந்துவிடுகிறது. எறிதல் கணக்கு அட்டையில் இந்தப் பயன் அந்த எறிதலின் பெயரில் எழுதப்படுவதில்லை.

24 வினாடிக் கடிகாரம்

பந்து கைக்கு வந்த அணி 24 வினாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். ஃபிபா விதிப்படியும் என்.பி.ஏ. விதிப்படியும் 8 வினாடிகளுக்குள் பந்து எதிரணியின் பாதிக்குச் சென்றுவிட வேண்டும். ஆகவே அரைக்கள ஆட்டத்திற்குச் சில வேளைகளில் 16 வினாடிகளே மிஞ்சும்.

முதல் முயற்சியும் இரண்டாம் முயற்சியும் தடுக்கப்பட்டு, கடிகாரத்தில் 5 வினாடிகள் இருக்கும்போது ஒப்பிட வேண்டியது சராசரி நடுத்தூர எறிதலையும் சராசரி மூன்று புள்ளி எறிதலையும் அன்று. அப்போது எஞ்சியிருப்பவற்றுள் எது மேல் என்பதே கேள்வி. தற்காப்பாளர் கை நீட்டி மறைக்கும் அவசர மூன்று புள்ளி எறிதல் விழும் வாய்ப்பு 25 விழுக்காடு எனக் கொண்டால் அதன் மதிப்பு 0.75. தேர்ந்த ஆட்டக்காரரின் நடுத்தூர எறிதல் விழும் வாய்ப்பு 48 விழுக்காடு எனில் அதன் மதிப்பு 0.96. எறியவே முடியாமல் பந்தை இழந்தால் மதிப்பு 0.

இதிலிருந்து ஒரு பொது விதியைப் பெறலாம். நடுத்தூர விழுக்காட்டை ஒன்றரையால் வகுத்தால் கிடைப்பது அதற்கு ஈடான மூன்று புள்ளி விழுக்காடு. 48 விழுக்காடு நடுத்தூர எறிதல் 32 விழுக்காடு மூன்று புள்ளி எறிதலுக்குச் சமம். அந்த நேரத்தில் கிடைக்கும் மூன்று புள்ளி வாய்ப்பு 32 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தால் நடுத்தூரமே சரியான தேர்வு. பிளே-ஆஃபில் தற்காப்பு இறுகுவதால் இத்தகைய தருணங்கள் பெருகுகின்றன.

ஏற்ற இறக்கமும் ஹூஸ்டனின் 27 தவறுகளும்

சராசரி ஒன்றாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள ஏற்ற இறக்கம் வேறுபடலாம். மேனிலைப் பள்ளிக் கணிதத்தில் வரும் திட்டவிலக்கம் இதை அளக்க உதவுகிறது.

ஓர் அணி 36 விழுக்காடு வாய்ப்புடன் 40 மூன்று புள்ளி எறிதல்களை எறிகிறது எனக் கொள்வோம். எதிர்பார்க்கும் புள்ளிகள் 43.2. மற்றோர் அணி 54 விழுக்காடு வாய்ப்புடன் 40 இரண்டு புள்ளி எறிதல்களை எறிகிறது. எதிர்பார்க்கும் புள்ளிகள் அதே 43.2. ஆனால் திட்டவிலக்கம் முதல் அணிக்கு ஏறத்தாழ 9.1 புள்ளிகள், இரண்டாம் அணிக்கு 6.3 புள்ளிகள். மூன்று புள்ளிகளை மட்டும் நம்பும் அணி சில நாட்களில் மிக உயரப் பறக்கும். சில நாட்களில் மிகத் தாழ விழும். 82 ஆட்டங்களில் இரண்டும் ஈடாகிவிடும். ஒரே ஒரு ஆட்டத்தில் ஈடாக நேரமில்லை.

இதற்கு அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டு 2018 மே 28 அன்று நடந்த மேற்கு மண்டல இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தன் சொந்தக் களத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை எதிர்த்து ஆடியது. இடைவேளையில் ஹூஸ்டன் 54-43 என முன்னிலையில் இருந்தது. ஆனால் அந்த அணி தொடர்ச்சியாக 27 மூன்று புள்ளி எறிதல்களைத் தவறவிட்டது. ஆட்டம் முழுவதிலும் 44 முயற்சிகளில் 7 மட்டுமே விழுந்தன. கோல்டன் ஸ்டேட் 101-92 என வென்றது. எந்த இடத்திலிருந்தும் குதித்து எறிய வல்ல கெவின் டுரான்ட் 34 புள்ளிகள் எடுத்தார்.

36 விழுக்காடு விழும் எறிதல்கள் தொடர்ந்து 27 முறை தவறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 1.7 லட்சத்தில் ஒன்று. இவ்வளவு அரிய நிகழ்வை வெறும் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்குவதைவிட, அன்றைய எறிதல்கள் வழக்கமான 36 விழுக்காட்டு எறிதல்களாக இல்லை என்று கொள்வதே பொருத்தம். ஹூஸ்டனின் முன்னணி ஆட்டக்காரர் கிறிஸ் பால் காயத்தால் அன்று ஆடவில்லை. அவர் நடுத்தூர எறிதலில் பெயர் பெற்றவர். மற்றவர்கள் களைத்திருந்தனர். லீக் சுற்றின் சராசரி, ஏழாவது ஆட்டத்தின் நான்காவது கால்பகுதிக்கு அப்படியே பொருந்துவதில்லை.

கடைசி எறிதலின் கணக்கு

ஆட்டத்தின் இறுதி வினாடிகளில் கணக்கே மாறுகிறது. சமநிலையிலோ ஒரு புள்ளி பின்தங்கியோ இருக்கும்போது 2 புள்ளிகள் போதும். மூன்றாவது புள்ளிக்கு அப்போது மதிப்பே இல்லை. பந்து விழும் வாய்ப்பு மட்டுமே கணக்கில் வரும். 36 விழுக்காட்டைவிட 45 விழுக்காடு மேல் என்பது தெளிவு.

1998 ஜூன் 14 அன்று என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் சிகாகோ புல்ஸ், யூட்டா ஜாஸ் அணியிடம் 85-86 எனப் பின்தங்கியிருந்தது. மைக்கேல் ஜோர்டன் 5.2 வினாடிகள் எஞ்சியிருக்கையில் மூன்று புள்ளிக் கோட்டிற்குள் நின்று எறிந்த பந்து கூடையில் விழுந்தது. 87-86 என்ற அந்த வெற்றியுடன் சிகாகோ வாகை சூடியது.

ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் டொராண்டோ நகரம் இதைவிட அண்மைய சான்றைத் தருகிறது. 2019 மே 12 அன்று டொராண்டோ ராப்டர்ஸ், ஃபிலடெல்ஃபியா அணியுடன் ஏழாவது ஆட்டத்தில் 90-90 எனச் சமநிலையில் இருந்தது. எஞ்சியிருந்தது 4.2 வினாடிகள். காவாய் லெனர்ட் வலது மூலையை நோக்கி ஓடி, உயரமான ஜோயல் எம்பீடின் நீட்டிய கைக்கு மேலாகப் பந்தை எறிந்தார். இறுதி ஒலி எழுந்த பின் பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. அது மூன்று புள்ளிக் கோட்டிற்குள்ளிருந்து எறியப்பட்ட 2 புள்ளி எறிதல்தான். என்.பி.ஏ. வரலாற்றில் ஏழாவது ஆட்டம் ஒன்று இறுதி ஒலியுடன் விழுந்த கூடையால் முடிவானது அதுவே முதன்முறை. அந்த ஆண்டு ஜூன் 13 அன்று டொராண்டோ வாகை சூடி, அப்பெருமையைப் பெற்ற முதல் கனடிய அணியானது.

இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தால் முடிவு வேறாகும். 45 விழுக்காட்டு நடுத்தூர எறிதல் விழுந்தாலும் ஆட்டம் கூடுதல் நேரத்திற்கே செல்லும். அங்கே வெல்லும் வாய்ப்பைப் பாதி எனக் கொண்டால் மொத்த வாய்ப்பு 22.5 விழுக்காடு. 36 விழுக்காட்டு மூன்று புள்ளி எறிதல் விழுந்தால் உடனே வெற்றி. எனவே அங்கே மூன்று புள்ளி எறிதலே சரி. எந்த எறிதல் சிறந்தது என்பதைப் புள்ளிநிலையும் கடிகாரமுமே முடிவு செய்கின்றன.

பன்னாட்டு விதிகளும் இந்திய அணிகளும்

இந்தியாவில் நடைபெறும் போட்டிகள் ஃபிபா விதிப்படி ஆடப்படுகின்றன. என்.பி.ஏ.யில் தற்காப்பாளர் எவரையும் நெருங்கிக் காக்காமல் கூடைமுன் செவ்வகத்தில் 3 வினாடிகளுக்கு மேல் நிற்கக்கூடாது. ஃபிபா விதிகளில் தற்காப்பாளருக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஆகவே உயரமான தற்காப்பாளர் ஆட்டம் முழுவதும் கூடைக்கடியிலேயே நிற்கலாம். பள்ளி, கல்லூரி அணிகள் இதைப் பயன்படுத்தி முன்னே இருவர், பின்னே மூவர் என நின்று இடம் காக்கும் தற்காப்பை மேற்கொள்கின்றன. 'ஜோன்' எனப்படும் இந்த அமைப்பில் உள்ளே நுழைவது கடினம். இதன் பலவீனம் தனி எறிதல் கோட்டின் நடுப்பகுதி. அங்கே பந்தைப் பெற்று, திரும்பி எறியத் தெரிந்த ஒருவர் இருந்தால் ஐவரும் நிலை குலைவர். எறியத் தெரியாதவர் அங்கே நின்றால் அவரை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஃபிபா ஆட்டம் 40 நிமிடங்களே என்பதால் பந்து கைக்கு வரும் தடவைகளும் குறைவு. 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஃபிபா ஆசியக் கோப்பையில் இந்திய ஆண்கள் அணி சீனாவை 65-58 என வென்றது. ஸ்காட் ஃபிளெமிங் பயிற்சியில் பெற்ற இவ்வெற்றி இந்தியக் கூடைப்பந்து வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. 2017-இல் பெங்களூருவில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் இந்திய மகளிர் அணி கசகஸ்தானை 75-73 என வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அவ்வணியில் ஆடிய சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 7 புள்ளி, 2 புள்ளி வேறுபாட்டில் முடியும் இத்தகைய ஆட்டங்களில் ஓரிரு அரைக்கள முயற்சிகளே முடிவைத் தீர்மானிக்கின்றன.

தமிழ்நாட்டுத் திடல்களில்

தமிழ்நாட்டில் இவ்விளையாட்டு வேரூன்றியதில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் மாநிலம் முழுவதும் பரவினர். செட்டிநாட்டுப் பகுதியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் உருவாக்கிய கல்வி வளாகத்திலும் உடற்கல்வியியல் கல்லூரி இயங்குகிறது.

இங்குள்ள சூழல் என்.பி.ஏ. அரங்குகளிலிருந்து மூன்று வகையில் வேறுபடுகிறது.

முதலாவது, பெரும்பாலான பள்ளிகளில் கூடைப்பந்துக் களம் திறந்தவெளியில் அமைந்த சிமெண்ட் தளமாகும். ஆடி மாதக் காற்றில் 6.75 மீட்டர் தொலைவிலிருந்து உயர எறியப்படும் பந்து விலகிச் செல்லும். 4, 5 மீட்டர் எறிதலைக் காற்று அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பலகையில் பட்டு விழுமாறு பக்கவாட்டிலிருந்து எறிவது இன்னும் நம்பகமானது.

இரண்டாவது, பள்ளிகளுக்கிடையிலான குழுப் போட்டிகள் பெரும்பாலும் ஒரே தோல்வியில் வெளியேற்றும் முறையில் நடக்கின்றன. வட்ட அளவில் வென்றால் மாவட்டம், மாவட்டத்தில் வென்றால் அடுத்த நிலை. ஏழு ஆட்டத் தொடரில் ஒரு மோசமான நாளை மறுநாள் சரி செய்யலாம். இங்கே அந்த ஒரு நாளோடு ஓராண்டுப் பயிற்சி முடிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு அதுவே பள்ளியின் கடைசி ஆட்டமாகவும் அமையும். சான்றிதழும், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய கல்லூரி இடமும் அதைச் சார்ந்தே இருக்கலாம். ஏற்ற இறக்கம் குறைந்த ஆட்ட முறைக்கு இங்கே மதிப்பு கூடுகிறது.

மூன்றாவது, வலிமை. வளரும் பருவத்தினர் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறியும்போது மணிக்கட்டும் முழங்கையும் செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்கிறது. பந்தைத் தள்ளிவிடும் இப்பழக்கம் படிந்துவிட்டால் பின்னர் மாற்றுவது கடினம்.

தேனி மாவட்டம் பெரியகுளத்தில் கோடையில் நடைபெறும் அகில இந்தியப் போட்டியும், கோயம்புத்தூரில் நடைபெறும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைப் போட்டியும் வங்கி, ரயில்வே, படைத்துறை அணிகளின் ஆட்டத்தை நேரில் காணும் வாய்ப்பைத் தருகின்றன. லீக் சுற்றில் வேகமாக ஓடும் அணிகள் அரையிறுதியில் எவ்வாறு நிதானிக்கின்றன என்பதை அங்கே கவனித்தால், மேற்கூறிய மாற்றங்கள் கண்கூடாகத் தெரியும்.

மாற்றுக் கருத்துகள்

நடுத்தூர எறிதலின் சிறப்பை மிகைப்படுத்தக் கூடாது என்போரும் உளர். அவர்களது வாதத்திற்கும் வலுவான சான்று உண்டு. பாஸ்டன் செல்டிக்ஸ் 2023-24 பருவத்தில் ஓர் ஆட்டத்திற்கு 42-க்கும் மேற்பட்ட மூன்று புள்ளி எறிதல்களை முயன்று, இறுதித் தொடரில் டல்லாஸ் அணியை 4-1 என வென்று வாகை சூடியது. நெடுந்தூர எறிதலை நம்பினால் கோப்பை கிடைக்காது என்ற கூற்றை அது பொய்யாக்கியது. ஆனால் அதே பாஸ்டன் 2025 மே மாதம் நியூயார்க் அணிக்கெதிரான முதல் ஆட்டத்தில் 20 புள்ளி முன்னிலை பெற்றிருந்தும், 60 மூன்று புள்ளி முயற்சிகளில் 45-ஐத் தவறவிட்டுக் கூடுதல் நேரத்தில் 105-108 எனத் தோற்றது, அத்தொடரையும் இழந்தது. ஒரே முறை ஓராண்டில் கோப்பையையும் மற்றோராண்டில் தோல்வியையும் தந்தது.

ஏற்ற இறக்கம் எப்போதும் தீமை என்றும் கூற முடியாது. வலிமை குறைந்த அணிக்கு அதுவே வாய்ப்பு. தன்னைவிடப் பலமான அணியுடன் நிதானமாக ஆடினால் தோல்வி ஏறத்தாழ உறுதி எனும்போது, மூன்று புள்ளி எறிதல்களைக் கூட்டிப் பார்ப்பது அறிவுடைய முடிவே.

மேலும், எல்லா நடுத்தூர எறிதலும் நல்ல எறிதல் அன்று. கடிகாரத்தில் 18 வினாடிகள் இருக்கும்போது, கூடையருகே சக ஆட்டக்காரர் காலியாக நிற்கும்போது, தற்காப்பாளரின் கைக்கு மேலாக எறிவது தவறான தேர்வே. வேறு நல்ல வாய்ப்பு அடைக்கப்பட்டபின் கையில் இருக்க வேண்டிய திறன் என்பதே அதன் சரியான இடம்.

பயிற்சி

நடுத்தூரப் பயிற்சிக்கு ஐந்து இடங்கள் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன: தனி எறிதல் கோட்டின் நடு, அதன் இரு முனைகள், கூடைக்கு இருபுறமும் இறுதிக்கோட்டை ஒட்டிய இரு இடங்கள். முதலில் நின்ற நிலையிலும், பின்னர் ஒன்றிரண்டு முறை பந்தைத் தட்டி நின்று குதித்தும், அதன் பின்னர் ஒருவர் கை நீட்டி மறைக்கும்போதும் எறிந்து பழகுவது படிப்படியான முறையாகும். ஒவ்வோர் இடத்திலும் 20 எறிதல்களில் எத்தனை விழுந்தன என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால், சில வாரங்களில் மாணவர் தம் உண்மையான விழுக்காட்டை அறியலாம். ஓடிக் களைத்த பின் எடுக்கும் விழுக்காட்டையும் தனியே குறிக்க வேண்டும். இறுதிக் கால்பகுதியில் பயன்படப்போவது அந்த எண்தான்.

அந்த எண்ணை ஒன்றரையால் வகுத்து, தம் மூன்று புள்ளி விழுக்காட்டுடன் ஒப்பிட்டால், நெருக்கடியான வேளையில் எந்த எறிதலைத் தேர்வது என்பதற்கு மாணவருக்கே விடை கிடைக்கும். அந்த விடை ஆளுக்கு ஆள் மாறும்.